ஏழாம் எண் பூட்டு

காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு கையிலும் வெந்நீர் வாளிகளோடு பழைய கூடத்துக்குள் நுழைந்த வாளியக்கா, ஓடக்கூடாத இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

வாளிகளை அப்படியே போட்டாள். வெந்நீர் காலில் கொட்டியதுகூட உறைக்கவில்லை. பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். மாவு பிசையும் பெரிய எஃகுத் தொட்டி ஒரு முனகலோடு நின்றது. அந்தத் தொட்டிக்குள்தான், அவளோடு சேர்ந்து தொட்டிகளைச் சுரண்டிக் கழுவும் சுரண்டியண்ணன் இறங்கியிருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், இத்தனை இயந்திர இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வந்த அவளுடைய அலறலைக் கேட்டுத்தான் ஓடிவந்தார்கள்.

எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது வழக்கு முடிந்துவிட்டிருந்தது. அதாவது, மேனேஜர் முடித்து வைத்திருந்தார்.

"ரொம்ப சிம்பிள் மேடம். தொட்டிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி மெயின் ஸ்விட்சை அணைச்சு, அதுல தன்னோட சொந்தப் பூட்டை மாட்டிட்டுத்தான் இறங்கணும். ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரே சாவி. பூட்டு தொங்கினா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். இவன் மாட்ட மறந்துட்டான். அந்தம்மா பழக்கதோஷத்துல பச்சைப் பொத்தானை அழுத்திட்டா. நாங்க வர்றப்போ ஸ்விட்ச் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா. கேளுங்க, எல்லாரும் பார்த்தாங்க."

"செத்தவரோட பூட்டு எங்க?"

"அவன் லாக்கர்ல. திறந்தபடியே தொங்குது. மாட்டவே இல்லைன்னு அதுலேயே தெரியலையா?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "படிச்ச பொண்ணு நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

இன்ஸ்பெக்டருக்குக் காது மடல் சூடானது. ஸ்டேஷனில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் மிளகாய் என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பா ஒருநாள் அடுக்கு சரிந்து கீழே சிக்கிச் செத்தபோது அந்தக் கிடங்கு மேனேஜரும் இதே மாதிரிதான் சொன்னார். ரொம்ப சிம்பிள். கவனமில்லாத ஆள். அன்றைக்குக் கேள்வி கேட்க அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லை.

"நீங்க சொல்லுங்க சார்," என்றாள். "எவ்வளவு சொல்றீங்களோ அவ்வளவு எனக்கு நல்லது."

பழைய கூடம் பளிங்கு மாதிரி இருந்தது. தொழிற்சாலையின் மற்ற இடங்களில் மாவு புகையாகப் பறக்கும். இங்கே தரையில் முகம் பார்க்கலாம். நடுவில் ஒரே ஒரு பழைய இயந்திரம். ஆள் உயரத் தொட்டி, விளிம்பை எட்ட நான்கு படிகள். சுவரில் மெயின் ஸ்விட்சின் கைப்பிடி. அதற்குக் கீழே பச்சைப் பொத்தான் ஒன்று, ஒரு சாண் தள்ளிச் சிவப்புப் பொத்தான் ஒன்று. சிவப்பில் சோப்புத் தண்ணீர்க் கையின் அச்சு காய்ந்து படிந்திருந்தது. பச்சையில் ஒன்றுமே இல்லை. கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி மாட்டியது போல மின்னியது.

"இந்த மிஷின்ல என்ன செய்றீங்க?"

"ஒண்ணும் செய்றதில்லை மேடம். இது ஐயாவோட முதல் மிஷின். ராசி மிஷின். காட்சிக்கு வச்சிருக்கோம்."

ஐயா என்றால் முதலாளி. முதலாளி என்றால் எம்.பி. வாடகைக் கொட்டகையில் பிஸ்கட் சுட்டு, தொழிற்சாலைகளாகப் பெருக்கி, கட்சியில் சேர்ந்து, முதல் தேர்தலிலேயே நாடாளுமன்றத்துக்குப் போனவர் என்பது ஊர் அறிந்த கதை. நாளை அங்கே ஒரு மசோதாவை அவர்தான் முன்மொழியப் போகிறார். தொழிற்சாலைகளுக்குள் அதிகாரிகள் திடீர்ச் சோதனைக்கு வரக்கூடாது. பாதுகாப்பாக இருக்கிறது என்று முதலாளியே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளலாம். அதுதான் மசோதா.

கூடத்தின் பின்சுவரில் ஒரு மரக்கதவு இருந்தது.

"அது?"

"ஐயா வீட்டுக்குப் போற வழி. பூட்டியே இருக்கும்."

"இன்னைக்கு அவர் இங்க வந்தாரா?"

"வரவே இல்லை. வீட்லேருந்து நேரா ஏர்போர்ட் போறதாத்தான் இருந்துது. விஷயம் கேள்விப்பட்டதும் பயணத்தையே தள்ளி வச்சிட்டார். அவ்வளவு நல்ல மனசு."

தொட்டியருகே குனிந்திருந்த போலீஸ் டாக்டர் நிமிர்ந்தார். முப்பது வருஷம் பிணங்களோடு பழகி, உயிரோடிருப்பவர்களிடம் பேசும் பொறுமையை இழந்தவர்.

"உடனே போயிடுச்சு. வலியைப் பத்திக் குடும்பம் கேட்டா இதைச் சொல்லு. கழுத்துக் கயித்துல ஒரு சாவி இருக்கு. அப்புறம், தலைமுடியில, நெத்தியில, கண்ணு இமைக்குள்ள எல்லாம் மாவு. முதுகுல துளிகூட இல்லை."

"பிஸ்கட் கம்பெனில மாவு இல்லாம மண்ணா சார் இருக்கும்?" என்று மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்காததால் இருமி முடித்துக்கொண்டார்.

"மாவு, அடிபட்டதுக்கு அப்புறம் விழுந்ததா டாக்டர்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"முன்னாடி. மாவு மேலதான் ரத்தம் ஓடியிருக்கு."

லாக்கர் அறையின் சாவிக்கொத்து வரும்வரை இன்ஸ்பெக்டரும் ஏட்டும் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. அதில் எம்.பி.யின் வாழ்க்கைப் படம் முடிந்து முடிந்து மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகை. புகைபோக்கி. கைகூப்பும் கூட்டம். நடுநடுவே அவரே பேசினார்: 'இந்தத் தொட்டிக்குள் இறங்கி, என் கையால் சுரண்டி, என் கையால் கழுவியவன் நான். தொழிலாளியின் வலி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.' பிறகு பாட்டு. மனைவி வெள்ளிக் கிண்ணம் நீட்ட, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி மாவை அள்ளித் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். 'எதைத் தொடங்கினாலும் முதலில் என் ராசி மிஷின். இந்தப் பொத்தானை என் விரல் தவிர வேறு விரல் தொட்டதில்லை.' மறுபடி கைகூப்பும் கூட்டம்.

"எலெக்ஷனுக்கு முந்தியும் இப்படித்தான் மாவு போட்டாராம் மேடம்," என்றார் ஏட்டு. "ஜெயிச்சுட்டார் பாருங்க."

"மாவு போட்டா ஜெயிக்கலாம்னா ரொட்டி போடுறவன் எல்லாம் மந்திரியா இருக்கணுமே ஏட்டய்யா."

போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னம்மா, இன்னுமா முடியலை? ஒரு துப்புரவுக்காரம்மா, ஒரு ஸ்விட்ச். இதுல துப்பறிய என்ன இருக்கு? எம்.பி. மதியம் கிளம்பணும். அதுக்குள்ள எழுதி முடி."

"எழுதறேன் சார்," என்றாள். என்ன எழுதுவாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வாளியக்காவை ஒரு சாமான் அறையில் உட்காரவைத்து, வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். வெந்த கால்களை ஈரத்துணியால் சுற்றியிருந்தாள். யாரும் சுற்றிவிட்டது இல்லை. தன் முந்தானையைத் தானே கிழித்துக்கொண்டது.

"காலுக்கு மருந்து போட்டாங்களா அக்கா?"

அந்த 'அக்கா'வில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அதெல்லாம் கிடக்கட்டும் மேடம். நான் அழுத்தினது சிவப்பு. நிறுத்தத்தான் அழுத்தினேன். பச்சையை நான் ஏன் தொடப்போறேன்? அதைத் தொடைக்கிறதுக்குக்கூட எங்களை விடமாட்டாங்க."

"அவர் பூட்டு மாட்டினாரா?"

"மாட்டினாரு. டக்குன்னு சத்தம் கேட்டுச்சு, சாவியைக் கழுத்துல போட்டுக்கிட்டாரு. 'உன் பூட்டையும் மாட்டு'ன்னாரு. 'இருங்கண்ணே, வெந்நி எடுத்தாந்துட்டு நானும் இறங்கும்போது மாட்டுறேன்'னு போனேன். மாட்டிட்டுப் போயிருந்தா..."

"மாட்டியிருந்தா ரெண்டையும் வெட்டியிருப்பாங்க" என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அதற்குக் கையில் ஆதாரம் இல்லை. இன்ஸ்பெக்டர் அடக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு எதுக்கு அதைக் கழுவினீங்க?"

"ஐயா ஒன்பது மணிக்கு வந்து மிஷினைத் தொட்டுட்டுப் போவாருன்னு நேத்து மேனேஜர்தான் சொன்னாரு. பளபளன்னு இருக்கணுமாம்."

"உங்க பூட்டு இருக்கா?"

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு நிறம், கறுப்புப் பெயிண்டில் 8. இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பினாள், பூட்டு திறந்தது. யோசனையோடு சாவியை மட்டும் உருவ இழுத்தாள். வரவில்லை. ஆட்டினாள், வரவில்லை. பூட்டை அழுத்தி மூடியதும் சாவி தானாகக் கையோடு வந்தது. இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள்.

"மேடம்..." வாளியக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "எம்பொண்ணு நர்ஸ் படிப்புல சேர்ந்து மூணு மாசம்தான் ஆவுது. எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்சது அதுதான் முதல்ல. ஆளைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போனவ பொண்ணுன்னா, வச்சுக்குவாங்களா?"

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தாள். வந்து, சுவரை ஒரு குத்துக் குத்தினாள். ஏட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

லாக்கர் அறை. சுரண்டியண்ணனின் தகரக் கதவுக் கொக்கியில் ஒரு சிவப்புப் பூட்டு, 7 என்ற எண்ணோடு, வாய் திறந்து தொங்கியது. சாவி இல்லை. உள்ளே மாற்றுச் சட்டை, சாப்பாட்டு டப்பா. அதை இன்னும் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைக்குட்டையால் அதைப் பிடித்துக் கழற்றி உறையில் போட்டாள்.

"ஏட்டய்யா, டாக்டர்கிட்ட அந்தக் கழுத்துச் சாவியை வாங்கிட்டு வாங்க."

பதினோரு மணிக்கு எம்.பி. வந்தார். மலர்வளையம், கறுப்புப் பட்டை, பின்னால் இரண்டு கேமரா. செத்தவரின் மனைவியின் தலையில் கைவைத்து, படம் எடுக்கும்வரை கையை எடுக்காமல் நின்றார். "என் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிட்டேன்," என்றார். குடும்பத்தில் ஒருவரின் பெயரைப் பக்கத்திலிருந்தவர் அவர் காதில் சொல்லவேண்டியிருந்தது.

பிறகு மேனேஜர் அறை. கேமராக்கள் வெளியே. உள்ளே எம்.பி., மேனேஜர், இன்ஸ்பெக்டர், ஏட்டு. வாளியக்காவையும் அழைத்துவரச் சொல்லியிருந்தாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு நின்றாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் எம்.பி. "அந்தம்மா மேல எனக்குக் கோபமே இல்லை. தண்டனையைக் குறைச்சுத்தரச் சொல்லி நானே பேசறேன்."

"ரொம்பப் பெரிய மனசு சார். ரெண்டு சந்தேகம் இருக்கு. தீர்த்துவச்சிட்டா கிளம்பிடுவேன்."

மேசைமேல் இரண்டு பூட்டுகளை வைத்தாள். வாளியக்காவிடம் மறுபடி வாங்கிய எட்டு, சாவியோடு. லாக்கரில் கிடைத்த ஏழு.

"மேனேஜர் சார், எட்டைத் திறங்க. சாவியை உருவுங்க."

திறந்தார். இழுத்தார். சாவி வரவில்லை.

"வராது. இந்தக் கம்பெனிப் பூட்டு எல்லாம் அப்படித்தான் செஞ்சது. மூடினாத்தான் சாவி வெளிய வரும். திறந்து கிடக்கிறப்போ சாவி அதுலேயேதான் இருக்கும். அப்போ செத்தவரோட பூட்டு லாக்கர்ல திறந்து தொங்குதுன்னா, சாவியும் அதுலயே இருக்கணும். சாவியோ அவர் கழுத்துல இருந்துது. எப்படி?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

"இது அவர் பூட்டே இல்லை. கடைப்பூட்டு. சிவப்பா ஒண்ணு தேடி ஏழுன்னு எழுதியிருக்கீங்க. பெயிண்ட் இன்னும் விரல்ல ஒட்டுது. மூடி வச்சா நாங்க அவர் சாவியைப் போட்டுப் பார்ப்போம், பொருந்தாது. அதனால திறந்து தொங்கவிட்டீங்க. நான் போட்டுப் பார்த்தேன். உள்ளேயே போகலை. ஆக, அவர் மாட்டியிருக்கார். மாட்டின பூட்டை யாரோ வெட்டியிருக்காங்க."

"அந்தம்மாவே வெட்டியிருக்கலாமில்ல?" என்றார் எம்.பி.

"எதுக்கு சார்? ஒண்ணுமே பிசையாத மிஷினை ஓட்டிப் பார்க்கவா? பச்சைப் பொத்தானை யாரோ பளிச்சுன்னு துடைச்சிருக்காங்க. சிவப்புல இந்தக்காவோட கை அப்படியே பதிஞ்சிருக்கு. தப்பு பண்ணினவ தன் கை பட்ட இடத்தை விட்டுட்டு, படாத இடத்தையா துடைப்பா?"

எம்.பி. கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டாவது சந்தேகம், மாவு. அந்தக் கூடத்துல வருஷக்கணக்கா மாவே கிடையாது. ஆனா செத்தவர் முடியில மாவு, கண்ணுக்குள்ள மாவு, முதுகுல இல்லை. படியில காலடி கேட்டு நிமிர்ந்து பார்த்திருக்கார். பார்த்த முகத்துல மேலேருந்து ஒரு கைப்பிடி மாவு விழுந்திருக்கு. அதுக்கப்புறம்தான் மிஷின் ஓடியிருக்கு." எம்.பி.யின் பக்கம் திரும்பினாள். "மிஷினை ஓட்டுறதுக்கு முன்னாடி மாவு போடுற ஆள் உலகத்துலேயே ஒருத்தர்தான் சார். உங்க வரவேற்பறையில காலைலேருந்து அதைத்தானே காட்டிட்டு இருக்காங்க. ஒன்பது மணிக்கு வரவேண்டியவர், அவசரத்துல முன்னாடியே வீட்டுக் கதவு வழியா வந்துட்டீங்க. ஸ்விட்சுல பூட்டு தொங்குச்சு. வெட்டச் சொன்னீங்க."

எம்.பி. சிரித்தார். மேடைச் சிரிப்பு. "நாளைக்கு நான் எங்க பேசப்போறேன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் சார். உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அதைத்தான் கேட்கப் போறேன். அந்தத் தொட்டிக்குள்ள இறங்கி, உங்க கையால சுரண்டினவர்னு நாடு பூரா சொல்லித்தான் ஓட்டு வாங்கினீங்க. அது நிஜம்னா, பூட்டு தொங்கினா உள்ள ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே அழுத்தியிருக்கீங்க. தெரியாதுன்னா, நீங்க சொன்ன வாழ்க்கை மொத்தமும் புளுகு. எதுன்னு நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

எம்.பி. வெகுநேரம் யோசிக்கவில்லை. வியாபாரி. எதை விற்று எதைக் காப்பாற்றுவது என்பது அவருக்குக் கை வந்த கலை.

"நான் தொட்டிக்குள்ள இறங்கினதே இல்லை," என்றார். "அது மாமனார் ஆரம்பிச்ச கம்பெனி. நான் கணக்குப் பார்க்க வந்தவன். படத்துக்காக அப்படி எழுதினாங்க. பூட்டைப் பத்தியெல்லாம் எனக்கு என்ன தெரியும்? வெட்டினது இவன். உள்ள ஆள் இருக்குன்னு இவன் என்கிட்ட சொல்லவே இல்லை."

மேனேஜர் எழுந்துவிட்டார்.

"சொல்லலையா? நான் சொல்லலையா? 'இருங்கய்யா, ஆள் இருக்கும், கூப்பிட்டுப் பார்த்துடறேன்'னு சொன்னேனே! 'என் மிஷினுக்கு எவன்டா பூட்டுப் போட்டது, வெட்டு'ன்னு நீங்கதானே கத்தினீங்க? வெட்டிட்டு நிமிர்றதுக்குள்ள கண்ணை மூடிட்டு மாவைப் போட்டுட்டீங்க. உள்ளேருந்து அவன் 'ஐயா'ன்னு கூப்பிட்டானே. உங்க காதுல விழலையா?"

"எல்லாரும்தான் என்னை ஐயான்னு கூப்பிடறாங்க!" என்று எம்.பி. கத்தினார். "ஒவ்வொருத்தனுக்கும் நான் நின்னு திரும்பிப் பார்க்க முடியுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு எட்டியது. ஏட்டு எழுதுவதை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

வாளியக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். வெந்த காலோடு இரண்டடி நடந்து எம்.பி.யின் எதிரில் நின்றாள்.

"ஓடவிட்டுட்டுப் போயிட்டீங்களே," என்றாள். "சிவப்புப் பொத்தான் ஒரு சாண் தூரத்துலதானே இருந்துச்சு. ரெண்டு பேர் நின்னீங்க. ஒருத்தருக்குமா கை வரலை?"

எம்.பி. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. மேலதிகாரியின் பெயர் ஒளிர்ந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கிளம்பலாமா சார்? முன்வாசல் வழியா," என்றாள். "கேமரா எல்லாம் அங்கதான் இருக்கு."

வெட்டுப்பட்ட பூட்டும், அதை வெட்டிய இரும்புக் கத்தரியும் எம்.பி. வீட்டுத் தோட்டக் கொட்டகையில், உர மூட்டைக்குப் பின்னால் கிடைத்தன. ஏழு என்ற எண் தேய்ந்து பாதி போயிருந்தது. செத்தவரின் கழுத்துச் சாவியை அதில் போட்டுத் திருப்பினாள் இன்ஸ்பெக்டர். வளையம் துண்டாகித் தொங்கிய நிலையிலும் அது விசுவாசமாகத் திரும்பியது.

வரவேற்பறை டிவியில் எம்.பி. இன்னும் கண்ணை மூடிக்கொண்டு மாவு போட்டுக்கொண்டிருந்தார். போகிற போக்கில் டிவியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

பழைய கூடத்துக்கு சீல் வைக்கவேண்டும். ஏட்டு அரக்கும் நூலும் தேடிக்கொண்டிருந்தபோது வாளியக்கா நொண்டியபடி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன வண்டியை வாசலில் காக்கவைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நான் ஒண்ணு பண்ணிக்கட்டுமா மேடம்?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மெயின் ஸ்விட்சின் கைப்பிடியில் தன் எட்டாம் எண் பூட்டை மாட்டினாள். அழுத்தினாள். டக்கென்றது.

"காலைல மாட்டியிருக்கணும்," என்றாள்.

"மாட்டியிருந்தா அதையும் வெட்டியிருப்பாங்க அக்கா." இப்போது ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது.

"இப்போ வெட்டுவாங்களா?"

"கோர்ட்டுல கேஸ் முடியற வரைக்கும், என்னைத் தாண்டித்தான் வெட்டணும்."

வாளியக்கா சாவியை இழுத்தாள். வந்தது. கழுத்துக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு, பொண்ணுக்கு போன் பண்ணவேண்டும் என்று சொல்லியபடி, வண்டியை நோக்கி நடந்தாள்.